அந்தமானில் ஓட்டுப் போட்ட அனுபவம்: டெலிவரி பிரமாதம், பெட்டிக்குள் ஒரே ஒரு எம்.பி.

பயன்படுத்திய நாள் 2024 ஏப்ரல் 19, காலை ஏழே கால். இடம் போர்ட் பிளேரில் ஜங்கிலிகாட்டை விட்டு மேடேறினால் வரும் ஒரு பள்ளிக்கூடம். அந்த வருடம் செப்டம்பரில் ஊர்ப் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள், நான் ஓட்டுப் போடும்போது போர்ட் பிளேர்தான், எங்கள் வாயில் இன்னும் அதுதான் வருகிறது, அதனால் இங்கேயும் அப்படியே விட்டுவிடுகிறேன். இது எனக்கு நாலாவது முறை. 2009, 2014, 2019, 2024. ஒரு மிக்ஸியைப் பதினைந்து வருடம் ஓட்டியவன் அதைப் பற்றி நாலு வார்த்தை சொல்லலாம் என்றால் இதைப் பற்றியும் சொல்லலாம்.

எழுதத் தூண்டியவன் தூத்துக்குடியில் இருக்கும் என் அத்தை மகன். தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தல் வரும்போதெல்லாம் போன் போட்டு, "உங்க தொகுதியில யாருடா நிக்கிறா?" என்பான். எங்களுக்குச் சட்டமன்றமே கிடையாது என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன். "சும்மா சொல்லாதடா, பாண்டிச்சேரிக்கே இருக்கு" என்று அவனும் ஒவ்வொரு தடவையும் சொல்கிறான். பாண்டிச்சேரிக்கு இருக்கிறது, எங்களுக்கு இல்லை. இதைப் புரியவைக்கப் போன் பேசி மாளாது.

அந்தமான் நிக்கோபார் முழுவதுக்கும் ஒரே மக்களவைத் தொகுதி. வடக்கே டிக்லிப்பூர் பக்கத்திலிருந்து தெற்கே கிரேட் நிக்கோபாரின் இந்திரா முனை வரை, ஏறக்குறைய 800 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலில் சிதறிக் கிடக்கும் எல்லாத் தீவுக்கும் சேர்த்து ஒருத்தர். எம்.எல்.ஏ. இல்லை, முதலமைச்சர் இல்லை, அமைச்சர் இல்லை. டெல்லியிலிருந்து அனுப்பப்படும் துணைநிலை ஆளுநரும் அவருக்குக் கீழே அதிகாரிகளும்தான் நிர்வாகம். கீழ்மட்டத்தில் பஞ்சாயத்தும் நகராட்சியும் உண்டு, அதற்கும் டெல்லிக்கும் நடுவில் நாங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பும் ஆள் இந்த எம்.பி. மட்டும்தான். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பொத்தானை ஒருமுறை அமுக்கினால் சட்டம் இயற்றும் வேலையில் எங்கள் பங்கு முடிந்தது.

சரி, முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்லது நிறைய இருக்கிறது.

பூத் சிலிப் வீட்டுக்கே வந்தது. அங்கன்வாடி அக்கா வெயிலில் குடை பிடித்துக்கொண்டு படியேறி வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, அம்மாவுக்கும் எனக்கும் சிலிப்பைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிப் போனார். அம்மாவின் பெயரில் ஓர் எழுத்தைத் தின்றிருந்தார்கள், அந்தக் கதை அப்புறம். கீழ்வீட்டுத் தாத்தாவுக்கு 85 வயதைத் தாண்டிவிட்டது, எழுந்து நடக்க முடியாது. அவர் வீட்டுக்குத் தேர்தலுக்கு முன்னாலேயே ஒரு குழு வந்துவிட்டது. அட்டைத் தடுப்பு, வாக்குச்சீட்டு, உறை, வீடியோ எடுக்க ஒரு பையன், வாசலில் போலீஸ். கட்டிலில் உட்கார்ந்தபடியே தாத்தா ஓட்டுப் போட்டார். போட்டுவிட்டு வந்தவர்களுக்கெல்லாம் டீ போடச் சொன்னார், அவர்கள் வேண்டாம் என்றதில் இன்றுவரை அவருக்கு வருத்தம்.

பூத்தில் வரிசை பெரிதாக இல்லை, எங்களுக்கு முன்னால் இருபது பேர் இருந்திருப்பார்கள். இங்கே ஏப்ரலில் ஐந்தே கால் மணிக்கெல்லாம் விடிந்துவிடும், ஏழு மணி வெயில் மெயின்லேண்டில் ஒன்பது மணி வெயில் மாதிரி அடிக்கும், ஆனாலும் ஷாமியானா போட்டு நாற்காலி வைத்திருந்தார்கள். எனக்கு முன்னால் மீன் வியாபாரம் செய்யும் தெலுங்கு அம்மா ஒருவர், அவருக்கு முன்னால் வங்காளி அப்பாவும் மகனும், பின்னால் ராஞ்சிக் குடும்பம் ஒன்று (சோட்டா நாக்பூரிலிருந்து காட்டு வேலைக்குக் கூட்டி வரப்பட்டவர்களின் வாரிசுகளை இங்கே அப்படித்தான் சொல்வது வழக்கம்). 2011 கணக்கெடுப்புப்படி இங்கே வங்காளி பேசுபவர்கள் 28 சதவீதம், இந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13. வீட்டில் யார் எதைப் பேசினாலும் வரிசையில் எல்லாரும் அந்தமான் இந்திதான், ஆண்பால் பெண்பால் கவலையே இல்லாத அந்த இந்தி. பேச்சு கட்சியைப் பற்றி இல்லவே இல்லை. தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, கப்பல் டிக்கெட் யாருக்குக் கிடைத்தது, இந்த இரண்டுதான். மழை வந்து தனிக்காரி அணை நிரம்பும்வரை ஊரில் வேறு பேச்சு கிடையாது.

உள்ளே போனால் எல்லாம் வரிசைக்கிரமம். முதல் அதிகாரி பெயரைச் சத்தமாகப் படித்தார், ஏஜென்டுகள் தலையாட்டினார்கள். அடுத்தவர் இடது ஆள்காட்டி விரலில் மையை நகத்தோடு சேர்த்து இழுத்துவிட்டுக் கையெழுத்து வாங்கினார். அடுத்தவர் கன்ட்ரோல் யூனிட்டில் பொத்தானைத் தட்டி, போங்கள் என்று கையைக் காட்டினார். பன்னிரண்டு வேட்பாளர்கள், கடைசியில் நோட்டா. அமுக்கினால் பக்கத்தில் இருக்கும் விவிபாட் கண்ணாடிக்குள் சீட்டு ஏழு விநாடி தெரிந்து விழும். அம்மா அதை மட்டும் எப்போதும் நம்புவதில்லை. வெளியே வந்ததும், "ஏழு எண்ணுறதுக்குள்ள விழுந்துருச்சுடா, அஞ்சுதான் வந்துச்சு" என்றார். அம்மா எண்ணும் வேகம் அப்படி. வாசலில் நுழைந்து வெளியே வரப் பதினைந்து நிமிடம் ஆகியிருக்காது. ரேஷன் கடையில் இந்த வேகம் இருந்தால் நாடு எங்கேயோ போயிருக்கும்.

இது நகரத்துக்குள். உண்மையான டெலிவரியைப் பார்க்க வேண்டுமென்றால் கீழே போக வேண்டும், அதாவது நிக்கோபார் பக்கம். என் தங்கை வீட்டுக்காரர் அரசுப் பள்ளி ஆசிரியர், அவருக்கு அந்தத் தடவை டூட்டி நான்கவுரிப் பக்கத்தில் ஒரு சின்னத் தீவில் விழுந்தது. நிக்கோபாருக்கு நாம் நினைத்தால் போய்விட முடியாது, பழங்குடிப் பகுதி, பாஸ் வேண்டும், அதனால் எனக்கும் அவர் சொல்லித்தான் தெரியும். கப்பலில் இரவு முழுக்கப் பயணம். வாந்தி மாத்திரை போட்டுக்கொண்டும் பாதிப் பேருக்கு நிற்கவில்லையாம். அங்கிருந்து டிங்கியில், அதாவது சின்னப் படகில், மாறியபோது அலை தூக்கித் தூக்கிப் போட, இயந்திரப் பெட்டியைத் தார்ப்பாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, மச்சான் மொழியில் சொன்னால், "புள்ளையைக் கூட நான் இப்படித் தூக்கினதில்ல." கரையில் ஜெட்டி கிடையாது, முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்தார்கள். ஊர் கேப்டன் (நிக்கோபாரில் கிராமத் தலைவரை அப்படித்தான் சொல்வார்கள்) இளநீரோடு நின்றிருந்தார். மறுநாள் துஹெத் துஹெத்தாக, அதாவது கூட்டுக் குடும்பம் குடும்பமாக, வந்து ஒன்பது மணிக்குள் முக்கால்வாசி ஊரும் போட்டு முடித்துவிட்டது. மிச்சமிருந்த நேரம் முழுக்க இவர்கள் கடலைப் பார்த்துக்கொண்டு, விதிப்படி கதவு மூடும் நேரத்துக்காக உட்கார்ந்திருந்தார்கள். போன் சிக்னல் இல்லை. அந்த ஒரு நாளுக்கு, போக வர ஏறக்குறைய ஒரு வாரம்.

கிரேட் நிக்கோபாரில் ஷோம்பென் மக்களுக்காக ஒரு சாவடி வைத்தார்கள். 2011 கணக்குப்படி அவர்கள் மொத்தமே 229 பேர், காட்டுக்குள் வாழ்பவர்கள். 2024ல்தான் முதல்முறையாக ஏழு ஷோம்பென்கள் வந்து ஓட்டுப் போட்டார்கள். மெயின்லேண்ட் செய்திகளில் அந்த ஏழு பேரின் படம் எங்கள் மூன்று லட்சத்துச் சொச்சம் பேரைவிட அதிகம் ஓடியது. அடுத்த ஜனவரியில் இன்னொரு காட்டுப் பழங்குடியான ஜாரவாக்களில் 19 பேருக்கு வாக்காளர் அட்டை கொடுத்தார்கள். கொடுத்ததைத் தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் காட்டை விட்டு வெளியே வந்து அட்டை வாங்கும் ஒருத்தருக்கு அதை வைத்து என்ன வாங்கலாம் என்று யாராவது விளக்கினார்களா என்பது எனக்குள் ஓடும் கேள்வி. வெளியாட்களை அண்டவிடாத பழங்குடி வாழும் வடக்கு சென்டினல் தீவுக்கு யாரும் போகக் கூடாது, தேர்தல்காரர்களும் போவதில்லை. அது சரியான முடிவு.

மொத்தம் 412 சாவடி, 3,15,148 வாக்காளர், கப்பல், ஹெலிகாப்டர், டிங்கி, ஜாரவா காட்டு வழியே கான்வாயில் போகும் வண்டி, எல்லாம் ஓடியும் பதிவானது 64 சதவீதம். 2014ல் 70ஐத் தாண்டியிருந்தது, 2019ல் 65. எனக்குத் தெரிந்து இதில் ஒரு பெரிய ஓட்டை, படிக்கப் போன பிள்ளைகள். என் அண்ணன் மகன் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்தான், முதல் ஓட்டு, ஆசையாக இருந்தான். சென்னையிலிருந்து கப்பல் என்றால் மூன்று நாள், அதுவும் நீ நினைத்த தேதியில் கிளம்பாது. விமான டிக்கெட் ஏப்ரலில் விலையைக் கேட்டால் அண்ணன் முகம் போன போக்கே வேறு. வரவில்லை. நான்கு பேர் இருக்கும் கிராமத்துக்கு டிங்கியில் இயந்திரத்தைக் கொண்டுபோகத் தெரிந்தவர்களுக்கு, கோவை ஹாஸ்டலில் இருக்கும் பையனிடம் ஒரு சீட்டைச் சேர்க்க இதுவரை வழி பிறக்கவில்லை.

அப்புறம் காத்திருப்பு. ஏப்ரல் 19ல் போட்டதை ஜூன் 4ல்தான் எண்ணினார்கள். 46 நாள். நாடு முழுக்க ஏழு கட்டம் முடிய வேண்டுமாம், நாங்கள் முதல் கட்டம். விரல் மை வளர்ந்து நகத்தோடு வெட்டிப் போட்ட பிறகு முடிவு வருகிறது. சரி, அது எங்கள் குற்றமும் இல்லை, இங்குள்ளவர்கள் குற்றமும் இல்லை.

முடிவு பார்ப்பதில் மட்டும் முன்னேற்றம் நிஜம். 2019 மே 23 எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்போது இங்கே இணையம் என்பது செயற்கைக்கோள் வழிதான், அன்றைக்கென்று எல்லாரும் போனைத் தூக்கியதும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. காங்கிரஸின் குல்தீப் ராய் சர்மாவுக்கும் பா.ஜ.க.வின் விஷால் ஜாலிக்கும் இழுபறி. எண்ணுகிற இடம் எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம், ஆனால் யார் முன்னிலை என்று நான் தெரிந்துகொண்டது தூத்துக்குடி அத்தை மகனுக்கு லேண்ட்லைனில் போன் போட்டு. "உங்க ஊரு காங்கிரஸ்டா, 1,407 வித்தியாசம்" என்று அவன்தான் சொன்னான். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்தது. 2024ல் கடையில் உட்கார்ந்தபடியே சுற்றுக்குச் சுற்று பார்த்தேன். பா.ஜ.க.வின் பிஷ்ணு பத ராய் 1,02,436, சர்மா 78,040. இந்தத் தடவை நான்தான் அவனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

இனி பொருளுக்கு வருகிறேன், நட்சத்திரம் குறைவதும் இங்கேதான்.

முன்னே இதுவும் கிடையாது என்பதை நியாயமாகச் சொல்லியாக வேண்டும். 1967 வரை அந்தமான் எம்.பி.யை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, குடியரசுத் தலைவர் நியமித்தார். 1952ல் முதன்முதலாகப் போனவர் நிக்கோபாரின் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன், கார் நிக்கோபார்காரர்கள் இன்றும் சாமி மாதிரி பேசும் மனிதர். அதற்கப்புறம் நேரடித் தேர்தல் வந்தது, மனோரஞ்சன் பக்தா எட்டு முறை ஜெயித்தார், ராய்க்கு 2024 நாலாவது வெற்றி. எங்கள் அப்பா காலத்தில் தேர்தல் என்றாலே பக்தா, அவ்வளவுதான்.

கணக்காகப் பார்த்தால் நாங்கள் கொடுத்துவைத்தவர்கள் என்றும் சொல்லலாம். தூத்துக்குடியில் ஒரு எம்.பி.க்குப் பதினாலு லட்சம் வாக்காளர், இங்கே மூன்றேகால் லட்சத்துக்கும் குறைவு, லட்சத்தீவில் அறுபதாயிரம்கூட இல்லை. என் ஓட்டு அத்தை மகன் ஓட்டைவிட நாலு மடங்கு கனம். அவன் இதைச் சொல்லிச் சொல்லியே என்னை வாயடைப்பான். ஆனால் அவன் கையில் இருப்பது இரண்டு ஓட்டு. தெருவில் சாக்கடை நிரம்பினால் எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் போய் நிற்பான், அவரும் அடுத்த தேர்தல் பயத்தில் நாலு பேருக்குப் போன் போடுவார். இங்கே சாக்கடைக்கு வார்டு உறுப்பினர், அதற்கு மேலே கப்பல், பள்ளிக்கூடம், மருத்துவமனை, நிலம், எதுவானாலும் ஓர் அதிகாரியின் மேஜை. அந்த அதிகாரி நல்லவராக இருந்தால் நடக்கும். இரண்டு மூன்று வருடத்தில் மாற்றலாகிப் போய்விடுவார், அடுத்தவரிடம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவரைத் தோற்கடிக்க என் கையில் பொத்தான் கிடையாது.

கிரேட் நிக்கோபாரில் துறைமுகம், விமான நிலையம், நகரம், மின் நிலையம் என்று 72,000 கோடி ரூபாய் திட்டம் என்றார்கள். வேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள், கலத்தியா விரிகுடாவில் முட்டையிட வரும் ஆமையைக் காட்டி வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள், என் வீட்டிலேயே இரண்டு கட்சி. நான் சொல்வது வேறு. ஒரு தீவின் தலையெழுத்தையே மாற்றும் இந்த விஷயத்தை, தீவுக்காரர்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய முப்பது பேர் ஓர் அறையில் உட்கார்ந்து, மைக்கைப் பிடுங்கிச் சண்டை போட்டாவது பேசியிருக்க வேண்டாமா? புதுச்சேரியில் முப்பது பேர் அதைத்தான் செய்கிறார்கள். தெற்கு அட்லாண்டிக்கில் பாக்லாந்து தீவுகள் என்று இருக்கிறது, நாலாயிரம் பேர்கூட இல்லாத ஊர், பிரிட்டன் அனுப்பும் ஆளுநர் வேறு இருக்கிறார், அங்கேகூட எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்துச் சட்டமன்றம் வைத்திருக்கிறார்கள். ஐந்து பேர் தலைநகருக்கு, மூன்று பேர் வெளியே செம்மறி ஆடு மேய்க்கும் பகுதிக்கு. எங்கள் ஜங்கிலிகாட்டுத் திருவிழாக் கூட்டத்துக்கு ஒரு சட்டமன்றம் கொடுத்த மாதிரி.

சட்டமன்றம் வந்தால் செலவு, கட்சித் தாவல், ரிசார்ட் அரசியல் என்று பயமுறுத்துபவர்கள் உண்டு. நியாயமான பயம்தான், சாம்பிள் எங்கள் நகராட்சியிலேயே பார்த்தாகிவிட்டது. 2022ல் 24 வார்டு, பா.ஜ.க. பத்து, காங்கிரஸ் பத்து, தெலுங்கு தேசம் இரண்டு, தி.மு.க. ஒன்று, சுயேச்சை ஒன்று. இந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு அவர்கள் ஆடிய கூட்டல் கழித்தலில் அடுத்த வருடம் தெலுங்கு தேசத்தின் எஸ்.செல்வி தலைவரானார். ஆந்திரக் கட்சி, தமிழ்ப் பெயர், அந்தமான் நகராட்சி. இந்த மாதிரி ஒரு கலவை வேறு எந்த ஊரில் கிடைக்கும் சொல்லுங்கள். எனக்கு அதில் கோபமே வரவில்லை. குறைந்தபட்சம் அவர்கள் எல்லாரையும் பெயர் சொல்லித் திட்ட முடிந்தது, டீக்கடையில் பேச ஆள் இருந்தது.

மார்க்குக்கு வருவோம். வாக்குச்சாவடி, ஊழியர்கள், தீவு தீவாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, இதற்கெல்லாம் ஐந்துக்கு நாலரை. அரையைக் குறைத்தது கோவைப் பையனுக்காக. கையில் கிடைக்கும் பொருளுக்கு இரண்டு, அதுவும் 1967க்கு முன்னால் அதுகூட இல்லை என்பதால். புதிதாக மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வருபவர்கள் முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8 கொடுத்துவிடுங்கள், தேர்தல் அறிவிக்கும்வரை காத்திருக்காதீர்கள். காலையிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் ஷாமியானாவும் உதவாது. போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள், நான் கொண்டுபோய் வாசலில் கரும்பு ஜூஸ்காரரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டியதாயிற்று, அவர் அதற்கு ஒரு டம்ளர் ஜூஸ் விற்றுவிட்டார்.

அம்மாவின் பெயரில் தின்ற எழுத்துக்கும் அதே படிவம் 8தான். ஒரு ஜன்னலில் கொடுத்தோம், இன்னொரு ஜன்னலுக்குப் போகச் சொன்னார்கள், அங்கே ஆன்லைனில் போடச் சொன்னார்கள், போட்டோம். புது அட்டை வந்தது. விட்டுப்போன எழுத்து வந்துவிட்டது, அப்பா பெயரில் இப்போது ஒன்று கூடுதலாக இருக்கிறது.